பெட்டி நிரம்பினால் ஃபார்வர்டு போடலாமா, இடத்தைக் கூட்டலாமா, வேறு சர்வருக்கு மாறலாமா?

கும்பகோணத்தைச் சுற்றி நான்கைந்து சிறு நிறுவனங்களுக்கு மெயில் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலை, சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடம், மன்னார்குடியில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஒரு விதைக்கடை. எல்லோருக்கும் சொந்த டொமைன் உண்டு. ஹோஸ்டிங் வாங்கியபோது கூடவே வந்த மெயில் பெட்டிகளும் உண்டு, பெட்டிக்கு 1 ஜிபி. வருஷத்தில் பத்து மாதம் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும் எடைச்சீட்டு, லாரி ரசீது, சாக்குக் கணக்கு, வங்கிக் கடிதம் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். பெட்டி நிரம்பும். உடனே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பேசாம என் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டுடுங்களேன்?"

போட்டுவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது தவறான முடிவு என்பது இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. மெயில் எங்கே தங்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதை யார் படிக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே ஃபார்வர்டால் தீர்க்கப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

நிரம்பிய பெட்டி என்ன செய்யும்

சிற்பக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிற பழைய முறையில் சிலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் வரும். மெழுகு உருவம் முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புவார்கள். அவர்கள் திருத்தம் குறித்து அதே படங்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு படம் 3 எம்பி என்றால் நாலு படம் 12 எம்பி. மெயிலில் ஏறும்போது பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாறுவதால் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகப் பெருகி, 12 எம்பி 16 எம்பியாகிவிடும். 1 ஜிபி பெட்டியில் அப்படி 60 சொச்சம் மெயில்தான் கொள்ளும். அனுப்பியவையும் 'சென்ட்' ஃபோல்டரில் அதே கணக்கில் உட்கார்ந்திருக்கும். அழித்தவை டிராஷைக் காலி செய்யும்வரை அங்கே கிடந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று சிலைக்கான பேச்சிலேயே பெட்டி தீர்ந்துவிடும்.

போன தையில் அங்கிருந்து போன். "அண்ணே, ஒரு வாரமா மெயிலே வரல. ஆனா சிங்கப்பூர் பார்ட்டி வாட்ஸப்புல கூப்பிட்டு, நாலு தடவ அனுப்பியும் திரும்பித் திரும்பி வருதுங்கிறாரு" என்றார் ஸ்தபதியின் மகன். திரும்பி வந்த கடிதத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். 552, 5.2.2 என்று இருந்தது. பெட்டி நிரம்பிவிட்டது, இனி முயல வேண்டாம் என்று எங்கள் சர்வர் கொடுத்த பதில் அது.

எண் 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 452 போல 4-இல் தொடங்கினால் தற்காலிகம். அனுப்பிய சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும், வழக்கமாக நாலைந்து நாள் வரை. அதற்குள் நாம் இடம் செய்துவிட்டால் ஒன்றும் தொலையாது. மெயிலைப் பெட்டிகளில் போட்டு வைக்கும் டவ்காட் என்ற சர்வர் மென்பொருளை அப்படியே நிறுவினால் அது முடிவான மறுப்பைத்தான் கொடுக்கும். அதைத் தற்காலிக மறுப்பாக மாற்ற ஒரு வரி போதும். ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் தங்கள் சர்வர் எதைக் கொடுக்கிறது என்று நிறுவனத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம், மெயில் திரும்பிப் போனது பற்றிப் பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு எந்தச் செய்தியும் வராது என்பதுதான். மறுப்பு அனுப்பியவருக்கே போகும். அவர் போன் எடுத்துச் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஃபார்வர்டு

ஃபார்வர்டில் இரண்டு வகை. இங்கே ஒரு நகலை வைத்துக்கொண்டு அனுப்புவது ஒன்று. வைக்காமல் அனுப்பிவிடுவது மற்றொன்று. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் ஃபார்வர்டர் போடும்போது அதே முகவரியில் பெட்டியும் இருந்தால் மெயில் இரண்டு இடத்துக்கும் போகும். இது பலருக்குத் தெரியாது. ஜிமெயிலில் படித்துக்கொண்டிருப்பார்கள், பழைய பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அது பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருக்கும். 80 சதவீதம் ஆனபோது சர்வர் போட்ட எச்சரிக்கையும் அந்தத் திறக்காத பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

நிரம்பிய அன்று, சர்வரின் அமைப்பைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். வாசலிலேயே மறுத்து, மெயில் இரண்டு இடத்துக்கும் போகாமல் போகலாம். அல்லது ஜிமெயிலுக்கு நகல் போய்ச் சேர்ந்துவிடும், அனுப்பியவருக்கோ 'பெட்டி நிரம்பிவிட்டது' என்று மறுப்பும் போய்விடும். விதைக்கடையில் நடந்தது இந்த இரண்டாவது. வந்த ஆர்டரைப் பார்த்து அவர் விதை மூட்டைகளை வண்டியேற்றிவிட்டார். வாங்கியவரோ மெயில் போகவில்லை என்று நினைத்து அன்று மாலையே வேறு கடையில் வாங்கிவிட்டார். நாற்றங்கால் விடுகிற வாரம், அவரைக் குறை சொல்ல முடியாது. மூட்டைகள் திரும்பி வந்தன, வண்டி வாடகை இவர் தலையில்.

நகல் வைக்காத ஃபார்வர்டில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் கம்பெனியின் கடிதங்கள் அத்தனையும் ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் மட்டும் இருக்கும். இலவச ஜிமெயிலின் 15 ஜிபி, மெயிலுக்கு மட்டுமான இடம் கிடையாது. கூகுள் போட்டோஸ், டிரைவ் எல்லாம் அதற்குள்தான். 2024-இலிருந்து ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்கிறது. அரிசி ஆலை முதலாளியின் கணக்கை நான் திறந்து பார்த்தபோது மெயில் எடுத்த இடம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பேத்தி காதுகுத்து வீடியோவும் குடும்ப வாட்ஸப் குழுக்களும். 15 ஜிபி நிரம்பினால் ஜிமெயிலும் மெயிலைத் திருப்பித்தான் அனுப்பும். வீட்டு விசேஷம் ஒன்று ஆலையின் கொள்முதலை நிறுத்திவிடலாம் என்ற நிலையில் ஒரு தொழிலை வைத்திருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்லணையில் மதகு திறந்ததும் ஊரெல்லாம் செய்தி வந்துவிடும். தலைஞாயிறு பக்கம் கடைமடையில் தண்ணீர் ஏறியதா என்பது வேறு விஷயம். டெல்டாவில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஃபார்வர்டு போட்ட மெயிலும் அப்படித்தான். நம் சர்வரின் பதிவேட்டில் 'அனுப்பியாயிற்று' என்று இருக்கும், அந்தப் பக்கம் இன்பாக்ஸில் விழுந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

காரணம் இது. ஒரு வங்கி தன் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று எஸ்பிஎஃப் என்ற பட்டியலில் அறிவித்து வைத்திருக்கும். அந்த மெயில் நம் சர்வருக்கு வந்து, நாம் ஜிமெயிலுக்கு அனுப்பும்போது, ஜிமெயில் பார்ப்பது நம் சர்வரின் ஐபி முகவரியை. வங்கியின் பட்டியலில் நாம் இல்லை. எஸ்பிஎஃப் தோற்றுவிடும். உறையின் மேல் உள்ள அனுப்புநர் முகவரியை நம் டொமைனுக்கு மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் என்ற முறை இதற்காகவே வந்தது. அதைப் போட்டால் எஸ்பிஎஃப் தேறும், ஆனால் அது நம் பெயரில் தேறுகிறது. உள்ளே 'அனுப்புநர்' இடத்தில் இருப்பது வங்கியின் பெயர். இரண்டும் பொருந்துகின்றனவா என்று டிமார்க் என்ற சோதனை பார்க்கும், பொருந்தாது.

அப்போது காப்பாற்றக் கூடியது டிகேஐஎம் ஒன்றுதான். அது அனுப்பியவர் கடிதத்தின் மேல் வைத்த முத்திரை. வழியில் யாரும் கடிதத்தைத் தொடாதவரை எத்தனை கை மாறினாலும் செல்லும். சில சர்வர்கள் 'வைரஸ் இல்லை, சோதிக்கப்பட்டது' என்று அடியில் ஒரு வரி சேர்க்கும். சில, தலைப்பில் 'ஸ்பாம்' என்று ஒட்டும். அந்த ஒரு வரியில் முத்திரை உடைந்துவிடும். டிமார்க்கில் 'தேறாவிட்டால் தள்ளிவிடு' என்று அறிவித்திருக்கும் டொமைன்களின் மெயில் அங்கேயே நிற்கும். பெரும்பாலும் வங்கிகள்தான் இவ்வளவு கறாராக அறிவித்து வைத்திருப்பவை. ஆக, தொலையக் கூடாத கடிதம்தான் முதலில் தொலைகிறது.

வருகிற குப்பை மெயிலையும் சேர்த்தே ஃபார்வர்டு செய்தால் இன்னொரு கேடு. ஜிமெயிலின் பார்வையில் அந்தக் குப்பையை அனுப்பியது நாம். நம் சர்வரின் ஐபி பெயர் கெடும். அதன்பின் நாம் எழுதும் நல்ல கடிதமும் வாடிக்கையாளரின் ஸ்பாம் ஃபோல்டரில் போய் விழும்.

ஆள் மாறும்போது வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நான் பொறுப்பேற்ற ஓர் இடத்தில், வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்ட கணக்கரின் சொந்த முகவரிக்கு விற்பனை மெயில்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் போய்க்கொண்டிருந்தன. அவர் நல்ல மனிதர், ஒன்றும் செய்யவில்லை. போட்ட ஃபார்வர்டை எடுக்க யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான். கடவுச்சொல்லைத் திருடுகிறவர்களும் உள்ளே வந்ததும் சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்டு விதியை எழுதி வைத்துவிட்டுப் போவது வழக்கம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 இன்று வெளி முகவரிகளுக்குத் தானாக ஃபார்வர்டு ஆவதை முதலிலேயே தடுத்து வைத்திருப்பது இதனால்தான். நிர்வாகி அனுமதித்தால் மட்டும் போகும். அது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து.

இத்தனைக்குப் பிறகும் ஃபார்வர்டு வேண்டுமென்றால், ஸ்பாமை முதலில் வடிகட்டுங்கள், கடிதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள், இங்கே ஒரு நகல் வையுங்கள், அந்த நகல் பெட்டியைக் கண்காணியுங்கள். போட்டபின் வங்கியிலிருந்து வந்த ஒரு மெயிலை ஜிமெயிலில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் தேறினவா என்று மேலேயே எழுதியிருக்கும். விடுப்பில் போகும் இருவர் ஒருவருக்கொருவர் ஃபார்வர்டு போட்டுக்கொள்ளும் கூத்தும் நடக்கும். நல்ல சர்வர்கள் அந்தச் சுற்றைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும், ஆனால் மெயில் இருவருக்கும் கிடைக்காது.

உண்மையில் ஃபார்வர்டு கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது, எல்லா மெயிலையும் போனில் ஒரே இடத்தில் பார்ப்பதுதான். அதற்குப் போனிலுள்ள ஜிமெயில் ஆப்பிலேயே கம்பெனிக் கணக்கை ஐமேப் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மெயில் சர்வரிலேயே இருக்கும், போனில் தெரியும், பதிலும் கம்பெனி முகவரியிலிருந்தே போகும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து மற்றக் கணக்கின் மெயிலை பாப் முறையில் இழுத்துக்கொள்ளும் வசதியைப் பலர் பயன்படுத்தி வந்தார்கள். 2026-இல் அதை நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது. அதை நம்பி இனி எந்த ஏற்பாடும் செய்ய வேண்டாம்.

இடத்தைக் கூட்டுவது, கீழே இறக்கி வைப்பது

ஹோஸ்டிங்கில் மொத்த இடம் மிச்சம் இருந்தால் 1 ஜிபி பெட்டியை 3 ஜிபி ஆக்குவது ஒரு சொடுக்கு. பலர் இதைச் செய்து பார்க்காமலே வேறு வழி தேடுகிறார்கள். கூட்டுவதற்கு முன் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் மெயில்களை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பெட்டியின் பெரும்பகுதியை நூறு, நூற்றைம்பது மெயில்களே பிடித்திருக்கும். படங்களை இறக்கி வைத்துக்கொண்டு, அந்த மெயிலிலிருந்து அட்டாச்மென்டை மட்டும் கழற்றிவிடலாம், கடிதம் அப்படியே இருக்கும். டிராஷில் 30 நாள் தாண்டியவை தானாக அழிய ஒரு விதி போடுங்கள். நிரம்பும் எச்சரிக்கை, நிரம்பப் போகிற அந்தப் பெட்டிக்குப் போகாமல், தினமும் மெயில் பார்க்கும் ஒருவருக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் பாப் முறையில் அலுவலகக் கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரைக் காலியாக வைத்திருப்பது பழைய வழி. இட வாடகை இல்லை, பெட்டி நிரம்பவே நிரம்பாது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கூரை பறந்து, கணினி மேல் மழை இறங்கி, பல வருஷக் கடிதங்கள் ஓரிரவில் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். பில்லெல்லாம் மெயிலில்தான் வருகிறது என்றால், அந்த ஒற்றைக் கணினி ஆறு வருஷம் தாங்க வேண்டும். பழையதைக் காப்பகமாக இறக்குவதில் தவறில்லை. இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

சொந்த சர்வரை அலுவலகத்திலேயே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் கஜாதான் பதில். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அனுப்பும் சர்வர்கள் காத்திருப்பது நாலைந்து நாள். வாடகை சர்வரில், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் போட்டு நடத்துவது வேறு. அது நன்றாகவே ஓடும், பெட்டி அளவும் எச்சரிக்கையும் நம் கையில் இருக்கும். ஆனால் அதைத் தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஒரு மெயிலின் அளவுக்கு போஸ்ட்ஃபிக்ஸில் முதலிலேயே இருக்கும் வரம்பு சுமார் 10 எம்பி. பேஸ்64 பெருக்கத்தைக் கழித்தால் 7 எம்பி படத்தைத் தாண்டி வராது. இப்படிச் சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மாறிவிடுவது

மெயிலுக்கென்றே இருக்கும் சேவைக்கு டொமைனை மாற்றிக்கொள்வது கடைசி வழி. ஸோஹோ மெயிலின் இலவசத் திட்டத்தில் 5 பேர், ஆளுக்கு 5 ஜிபி. ஆனால் ஐமேப்பும் பாப்பும் கிடையாது, உலாவியிலோ அவர்களுடைய ஆப்பிலோதான் பார்க்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸின் ஆரம்பத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி, மாதக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று. விற்பனை, தகவல், கணக்கு என்று முகவரிக்கு ஒரு கணக்கு வாங்கினால் செலவு ஏறும். ஒரே கணக்குக்குப் பல மாற்றுப்பெயர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். உள்ளேயே மாற்றுப்பெயராகப் போவதால் மேலே சொன்ன எஸ்பிஎஃப் தொல்லை எதுவும் இல்லை.

என் நாலு இடங்களில் செய்ததைச் சொல்கிறேன். விதைக்கடைக்கு இருக்கும் பெட்டியை 3 ஜிபி ஆக்கி, ஃபார்வர்டை எடுத்துவிட்டு, போனில் ஐமேப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் யாருடைய சொந்தக் கணக்கும் நடுவில் வரக் கூடாது என்று ஸோஹோ இலவசத் திட்டத்தில் பொறுப்பின் பெயரில் பெட்டிகள். ஆள் மாறினால் கடவுச்சொல் மாறும், கடிதங்கள் அங்கேயே இருக்கும். அரிசி ஆலைக்கும் சிற்பக்கூடத்துக்கும் கட்டணச் சேவை. ஆலையில் காரணம் 72 மாதக் கணக்கு, சிற்பக்கூடத்தில் காரணம் படங்கள். சிற்பக்கூடத்தில் இப்போது படங்களை டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும்தான் மெயிலில் அனுப்புகிறார்கள்.

மாறும்போது பழைய பெட்டியை உடனே மூடாதீர்கள். டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதன் காலாவதி நேரத்தை, அதாவது மற்ற சர்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறைத்து வையுங்கள். சிற்பக்கூடத்தை மாற்றிய மூன்றாம் வாரமும் பழைய பெட்டிக்குள் புது மெயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் அவர்களுடைய இணையதளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து வந்தவை. தளம் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்ததால், அந்த சர்வர் தன்னிடம் இருக்கும் பெட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே அனுப்பாமல் விட்டிருந்தது. சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' என்ற இடத்தில் 'லோக்கல்' என்பதை 'ரிமோட்' என்று மாற்றியதும் சரியாயிற்று. அதற்குள் பழைய பெட்டியில் சேர்ந்திருந்தவற்றை எடுத்து, ஸ்தபதியின் மகனும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதினோம்.